சட்டத்தில் இல்லை... சாலையில் இருக்கு! கர்நாடகாவின் சிவப்பு மஞ்சள் கொடி விவகாரத்தில் தலைவர்கள் சொன்னது என்ன, மாறியது ஏன்?

நவம்பர் 1 நெருங்கினாலே பெங்களூரு லோடு ஏற்றும் டிரைவர்கள் வண்டியின் முன்கண்ணாடியை ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். அங்கே ஒரு சின்ன சிவப்பு மஞ்சள் கொடி இருக்கா, இல்லையா? போச்சம்பள்ளி, பர்கூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று இந்தப் பக்கம் இருந்து போகும் TN பதிவெண் வண்டிகள் பலவற்றில் அந்தக் கொடி தொங்கும். கன்னடப் பற்று காரணமாக வைத்தவர்களும் உண்டு. "எதுக்கு வம்பு, இருந்துட்டுப் போகட்டும்" என்று வைத்தவர்களும் உண்டு.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், அது கர்நாடக மாநிலத்தின் அதிகாரப்பூர்வ கொடியே கிடையாது. எந்தச் சட்டத்திலும் அதற்கு இடம் இல்லை. ஆனாலும் ஆட்சியில் இருப்பவர்கள் அதை ஏற்றச் சொல்கிறார்கள், எரித்தால் கொதிக்கிறார்கள், சட்டமாக்கலாமா என்று கேட்டால் பின்வாங்குகிறார்கள்.

ஒரு துணி எப்படி இத்தனை பெரிய அரசியல் ஆனது? யார், எப்போது, என்ன சொன்னார்கள்? எல்லையில் வேலை பார்க்கும் நமக்கு இதில் என்ன இருக்கு? விரிவாகப் பார்ப்போம்.

இந்தக் கொடி எங்கிருந்து வந்தது?

1960-களில் பெங்களூருவில் கன்னட இயக்கம் வேகம் எடுத்தது. சொந்தத் தலைநகரிலேயே பிறமொழிப் படங்களும் பிறமொழிக் கச்சேரிகளும்தான் கோலோச்சுகின்றன, கன்னடத்துக்கு இடம் இல்லை என்பது அந்த இயக்கத்தின் குமுறல். எழுத்தாளர் அ.ந.கிருஷ்ணராவ், பத்திரிகையாளர் மா.ராமமூர்த்தி போன்றவர்கள் அதில் முன்னணியில் இருந்தார்கள். அந்த ராமமூர்த்தி தன்னுடைய 'கன்னட பக்ஷ' என்ற கட்சிக்காக உருவாக்கியதுதான் இந்த சிவப்பு மஞ்சள் கொடி. மஞ்சள், குங்குமம் இரண்டும் அதன் நிறங்கள்.

ஆக, இது ஒரு கட்சிக் கொடியாகப் பிறந்தது. கட்சி மங்கிப்போனது, கொடி நின்றுவிட்டது. ஆட்டோ ஸ்டாண்ட், சினிமா தியேட்டர், கிரிக்கெட் மைதானம், ராஜ்யோத்சவா மேடை என்று கன்னடர்களின் பொது அடையாளமாகவே மாறிவிட்டது. இதை ஏற்றும் லட்சக்கணக்கான பேருக்கு அது மொழிப்பாசம், அவ்வளவுதான். அதைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

சிக்கல், அரசியல்வாதிகள் அந்தக் கொடியைக் கையில் எடுக்கும்போது தொடங்குகிறது.

2012: முதலில் கட்டாயம், பிறகு வாபஸ்

2012-ல் கர்நாடகாவில் பா.ஜ.க. ஆட்சி. முதல்வர் டி.வி.சதானந்த கவுடா. அரசு அலுவலகங்கள், பள்ளி, கல்லூரிகளில் நவம்பர் 1 அன்று கன்னடக் கொடி கட்டாயம் ஏற்றப்பட வேண்டும் என்று பட்ஜெட்டிலேயே அறிவித்தார்.

விவகாரம் உயர் நீதிமன்றம் போனது. நீதிமன்றம் கேட்டது ஒரே கேள்வி: இதை மாநிலக் கொடியாகச் சட்டப்படி அறிவித்திருக்கிறீர்களா? பதில் இல்லை. அறிவிப்பை அரசு திரும்பப் பெற்றது.

அப்போது கன்னடம் மற்றும் கலாசாரத் துறை அமைச்சராக இருந்தவர் கோவிந்த் கார்ஜோள். மாநிலத்துக்குத் தனிக்கொடி வைக்க விதிகள் இடம் தரவில்லை, அது தேசியக் கொடியின் மாண்பைக் குறைக்கும், மக்களிடம் பிராந்திய வெறியையும் தூண்டலாம் என்பது அவர் தந்த விளக்கம். பட்ஜெட்டில் 'கட்டாயம்' என்ற அதே ஆட்சி, அதே ஆண்டில் 'ஆபத்து' என்றது.

2017-18: தேர்தலுக்கு முன் வந்த புதுக்கொடி

அடுத்து காங்கிரஸ். 2017 ஜூன் மாதம் முதல்வர் சித்தராமையா அரசு, மாநிலத்துக்குத் தனிக்கொடி வடிவமைக்க 9 பேர் கொண்ட குழுவை அமைத்தது. ஜூலையில் செய்தி வெளியானதும் நாடு முழுக்க விவாதம் சூடு பிடித்தது.

"மாநிலம் கொடி வைத்துக்கொள்ளக் கூடாதுன்னு அரசியல் சட்டத்தில் எங்கே இருக்கு?" என்பது சித்தராமையாவின் எதிர்க்கேள்வி. தேசியக் கொடிக்குக் கீழேதான் அது பறக்கும் என்றும் உறுதி சொன்னார். மத்திய உள்துறை தரப்போ, நாடு ஒன்று, கொடி ஒன்று என்றது. அதே மூச்சில், மாநிலக் கொடிக்கு அனுமதி தரும் பிரிவும் இல்லை, தடுக்கும் பிரிவும் இல்லை என்று ஒப்புக்கொண்டது.

அந்த நேரத்தில் எதிர்ப்புக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் மத்திய அமைச்சர். ஒரே நாட்டில் இரண்டு கொடி இருக்க முடியாது என்றார். அவர் யார் தெரியுமா? 2012-ல் கொடியைக் கட்டாயமாக்கிய அதே சதானந்த கவுடா! ஐந்து ஆண்டுகளில் கொடி மாறவில்லை, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிதான் பெங்களூருவில் இருந்து டெல்லிக்கு மாறியிருந்தது.

2018 மார்ச் 8 அன்று மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று பட்டைகளும் நடுவில் இரட்டைத்தலைப் பறவையான கண்டபேருண்டமும் கொண்ட புதிய கொடியை சித்தராமையா வெளியிட்டார். சட்டமன்றத் தேர்தல் மே 12-ம் தேதி. இரண்டு மாதம்தான் இடைவெளி. வெள்ளைப் பட்டை எதற்கு, பழைய கொடியே போதுமே என்று கன்னட அமைப்புகளில் ஒரு பகுதியினரே முணுமுணுத்தார்கள்.

வடிவம் மத்திய அரசின் ஒப்புதலுக்குப் போனது. ஒப்புதல் கிடைக்கவில்லை. மக்கள் இன்றும் ஏற்றுவது பழைய சிவப்பு மஞ்சளைத்தான்.

2019, 2021: ஒரே கட்சி, இரண்டு குரல்

2019-ல் பா.ஜ.க. மீண்டும் கர்நாடகாவில் ஆட்சிக்கு வந்தது. அதே ஆகஸ்ட் மாதம் ஜம்மு காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து நீக்கப்பட்டு, 1952 முதல் அங்கே இருந்த தனிக்கொடியும் தலைமைச் செயலகத்தில் இருந்து இறக்கப்பட்டது. அந்தச் சூழலில் கர்நாடக அமைச்சர் சி.டி.ரவி, அரசியல் சட்டப்படி தேசியக் கொடி ஒன்றுதான் என்றார். காஷ்மீரில் ஒரு கொடியை இறக்கிவிட்டு கர்நாடகாவில் இன்னொன்றை ஏற்ற அந்தக் கட்சியால் முடியாது என்பது அரசியல் தெரிந்தவர்களுக்குப் புரிந்த கணக்குதான்.

ஆனால் 2021-ல் நடந்ததைப் பாருங்கள். அமேசானின் கனடா தளத்தில், கன்னடக் கொடியின் நிறத்தில் மாநில முத்திரையோடு நீச்சல் உடை ஒன்று விற்பனைக்கு வந்தது. கன்னடம் மற்றும் கலாசாரத் துறை அமைச்சர் அரவிந்த் லிம்பாவளி கொதித்தெழுந்தார். கன்னடர்களின் சுயமரியாதைக்கு அவமதிப்பு, சட்ட நடவடிக்கை எடுப்போம் என்றார்.

அதே ஆண்டு டிசம்பரில், பெலகாவி எல்லைப் பிரச்னையின் தொடர்ச்சியாக மகாராஷ்டிரத்தின் கோலாப்பூரில் கன்னடக் கொடி எரிக்கப்பட்டது. பெங்களூருவில் சிவாஜி சிலை மீது மை ஊற்றப்பட்டது, பெலகாவியில் சங்கொள்ளி ராயண்ணா சிலை சேதப்படுத்தப்பட்டது. முதல்வர் பசவராஜ் பொம்மை கடும் நடவடிக்கை என்றார். கன்னட அமைப்புகள் டிசம்பர் 31-ல் பந்த் அறிவித்து, முதல்வரைச் சந்தித்த பிறகு கைவிட்டன.

அதாவது, அங்கீகரிக்கச் சொன்னால் 'அப்படி ஒரு கொடியே சட்டத்தில் இல்லை'. யாராவது அவமதித்தால் 'எங்கள் கொடி'. இரண்டையும் சொன்னது ஒரே கட்சியின் ஆட்சி.

2024: தொழிற்சாலை வாசலுக்கு வந்த கொடி

கர்நாடகா என்ற பெயர் சூட்டப்பட்டது 1973 நவம்பர் 1-ல். அதன் பொன்விழாவையொட்டி 2024 அக்டோபரில் துணை முதல்வர் டி.கே.சிவக்குமார் ஒரு அறிவிப்பு செய்தார். பெங்களூருவில் உள்ள ஐ.டி. நிறுவனங்கள், தொழிற்சாலைகள், கல்வி நிறுவனங்கள் எல்லாம் நவம்பர் 1 அன்று கன்னடக் கொடி ஏற்ற வேண்டும் என்றார். பெங்களூருவில் இருப்பவர்களில் சுமார் பாதிப் பேர் வெளிமாநிலத்தவர் என்பது அவர் சொன்ன காரணம்.

2012-ல் அரசு அலுவலகங்களுக்கே செல்லுபடியாகாத கட்டாயம், 2024-ல் தனியார் கம்பெனி வாசலுக்கு வந்தது. இடையில் சட்டத்தில் எதுவும் மாறவில்லை.

சரி, சட்டம் என்னதான் சொல்கிறது?

* தேசியக் கொடிக்கு 2002-ம் ஆண்டின் இந்தியக் கொடி விதித்தொகுப்பும், 1971-ம் ஆண்டின் தேசிய கவுரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டமும் இருக்கின்றன. அவற்றில் மாநிலக் கொடி என்ற பேச்சே இல்லை.

* மாநிலங்கள் தனி முத்திரை வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டின் கோபுரம் போல. தனிப்பாடலும் உண்டு. கொடி மட்டும் அந்தரத்தில் நிற்கிறது.

* 1994-ல் எஸ்.ஆர்.பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தந்த தீர்ப்பை, மாநிலக் கொடிக்குத் தடை இல்லை என்பதற்கு ஆதாரமாக ஆதரவாளர்கள் காட்டுகிறார்கள். அந்த பொம்மை, கர்நாடகாவின் முன்னாள் முதல்வர். பசவராஜ் பொம்மையின் தந்தை.

* 2004-ல் நவீன் ஜிண்டால் வழக்கில், தேசியக் கொடி ஏற்றுவது குடிமகனின் கருத்துரிமையில் அடங்கும் என்றது உச்ச நீதிமன்றம். 1986-ல் கேரள மாணவர்கள் வழக்கில், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றால் போதும், பாடியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது என்றது. தேசிய கீதத்துக்கே இதுதான் நிலை என்றால், சட்டத்தில் இல்லாத ஒரு கொடியை 'வைத்தே ஆகணும்' என்று யாரால் சொல்ல முடியும் என்ற கேள்வி இயல்பாகவே வருகிறது.

தமிழ்நாடும் இதற்கு விதிவிலக்கா?

இல்லை. மாநிலக் கொடி என்ற யோசனையை கர்நாடகாவுக்கு வெகு காலம் முன்பே எழுப்பியது தமிழ்நாடுதான். 1970 ஆகஸ்ட்டில் முதல்வர் கருணாநிதி, ஒரு மூலையில் தேசியக் கொடியும் இன்னொரு மூலையில் கோபுரச் சின்னமும் கொண்ட தமிழ்நாடு கொடி மாதிரியை டெல்லியில் வெளியிட்டார். எதிர்ப்பு கிளம்பியது, திட்டம் நின்றது.

ஆனால் அவர் அத்தோடு விடவில்லை. அதுவரை சுதந்திர தினத்தில் மாநிலங்களில் ஆளுநர்தான் கொடி ஏற்றுவார். தேர்ந்தெடுக்கப்பட்ட முதல்வருக்கு அந்த உரிமை வேண்டும் என்று கேட்டு வாங்கினார். 1974 ஆகஸ்ட் 15-ல் கோட்டையில் அவரே தேசியக் கொடி ஏற்றினார். அது எல்லா மாநில முதல்வர்களுக்கும் கிடைத்த உரிமையானது. சித்தராமையாவும் எடியூரப்பாவும் பின்னாளில் சுதந்திர தினத்தில் கொடி ஏற்றியது அந்த வழியில்தான்.

அடையாளங்கள் ஆட்சிக்கு ஆட்சி மாறுவதும் இங்கே உண்டு. 2019-ல் அ.தி.மு.க. அரசு நவம்பர் 1-ஐ தமிழ்நாடு நாள் என்றது. 2021-ல் தி.மு.க. அரசு, பெயர் மாற்றத் தீர்மானம் நிறைவேறிய ஜூலை 18-தான் தமிழ்நாடு நாள் என்றது.

அமெரிக்காவில் என்ன நடந்தது?

கொடியை வைத்து தலைவர்கள் தடுமாறியது இங்கே மட்டுமல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போராடிய தென் மாநிலங்களின் கொடி, தெற்கு கரோலினா சட்டமன்ற வளாகத்தில் பல ஆண்டுகள் பறந்தது. 2014 தேர்தல் விவாதத்தில் ஆளுநர் நிக்கி ஹேலி சொன்ன வாதம், எந்த ஒரு கம்பெனி தலைவரும் கொடியைப் பற்றி தன்னிடம் பேசவே இல்லை என்பது. தொழில் வருகிறது, அப்புறம் என்ன பிரச்னை என்ற தோரணை.

2015 ஜூன் 17-ல் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் கறுப்பின மக்கள் 9 பேரை இனவெறியன் ஒருவன் சுட்டுக் கொன்றான். அவன் அந்தக் கொடியோடு இருக்கும் படங்கள் வெளியாகின. ஐந்தே நாளில் ஹேலி, கொடியை இறக்க வேண்டும் என்றார். ஜூலை 10-ல் இறக்கப்பட்டது. 2019-ல் அவரே, பலருக்கு அது தியாகம், பாரம்பரியத்தின் சின்னமாக இருந்தது, கொலைகாரன் அதைக் கடத்திவிட்டான் என்ற பொருளில் பேசி மறுபடி சர்ச்சையில் சிக்கினார்.

இரண்டு கொடிகளும் ஒன்றல்ல. அடிமை முறையின் பின்னணி கொண்ட கொடியையும் மொழி இயக்கத்தில் பிறந்த கொடியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் தலைவர்கள் நடந்துகொள்ளும் விதம் ஒன்றுதான். அமைதியான நாளில் 'இதெல்லாம் ஒரு பிரச்னையா'. தேர்தல் நாளில் 'நம் பெருமை'. ரத்தம் சிந்திய பிறகுதான் ஒரு முடிவு.

போச்சம்பள்ளிக்கும் ஓசூருக்கும் இதில் என்ன?

இந்தப் பகுதியின் பிழைப்பே எல்லைக்கு இரண்டு பக்கமும் கால் வைத்ததுதான். போச்சம்பள்ளி சிப்காட்டில் ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலை இருக்கிறது, அந்த நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூருவில். ஓசூரில் தயாராகும் உதிரி பாகங்கள் பெங்களூரு ஆலைகளுக்குப் போகின்றன. தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கும்.

1956 மொழிவழிப் பிரிப்பில் கொள்ளேகால் அந்தப் பக்கம் போனது, ஓசூர் இந்தப் பக்கம் நின்றது. கோடு போட்டாலும் மக்கள் கலந்தேதான் வாழ்கிறார்கள்.

அதனால்தான் காவிரி விவகாரம் வெடிக்கும்போதெல்லாம் முதல் அடி இங்கே விழுகிறது. தமிழ்நாட்டு பேருந்துகள் ஜூஜூவாடியோடு நின்றுவிடும். மக்கள் பையைத் தூக்கிக்கொண்டு அத்திப்பள்ளி வரை நடப்பார்கள். 2016 செப்டம்பர் 12-ல் பெங்களூருவில் தமிழ்நாட்டு தனியார் நிறுவனத்தின் 40-க்கும் மேற்பட்ட பேருந்துகள் எரிக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஒருவர் உயிரிழந்தார். அதே நாட்களில் சென்னையில் கன்னடர் நடத்திய ஹோட்டல் தாக்கப்பட்டது, ராமேஸ்வரத்தில் கர்நாடக வாகனங்கள் குறிவைக்கப்பட்டன. இரண்டு பக்கமும் அடி வாங்கியது பதிவெண்ணும் மொழியும்தான்.

அந்த நேரங்களில்தான் கொடி ஒரு 'பாஸ்' ஆகிறது. கண்ணாடியில் இருந்தால் போ, இல்லையென்றால் நில். இந்த விதியை எழுதியது சட்டமன்றம் இல்லை, அன்றைக்கு சாலையில் நிற்கும் கூட்டம்.

இங்கதான் உண்மையான சிக்கல்

கொடியை அதிகாரப்பூர்வமாக அறிவித்தால் ஒரு விதித்தொகுப்பு வரும். எங்கே ஏற்றலாம், யார் ஏற்ற வேண்டும், யாரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று எழுத்தில் இருக்கும். அறிவிக்கவே போவதில்லை என்றால், ஏற்றச் சொல்லி யாரும் உத்தரவு போட முடியாது. இரண்டில் எது நடந்தாலும் ஒரு டிரைவருக்கோ கம்பெனி மேலாளருக்கோ தன் நிலை தெரியும்.

ஆனால் இரண்டையும் செய்யாமல் நடுவில் தொங்கவிடுவதுதான் கட்சிகளுக்கு வசதி. டெல்லியில் கேட்டால் 'ஒரே கொடி' என்று சொல்லிக்கொள்ளலாம். பெங்களூரு மேடையில் 'நம்ம கொடி' என்று கைதட்டல் வாங்கலாம். இதற்கான விலையை அவர்கள் கொடுப்பதில்லை. அத்திப்பள்ளியில் லோடோடு நிற்பவர் கொடுக்கிறார்.

டெல்லிக்கும் இதில் பங்கு உண்டு. 2018-ல் வந்த கோரிக்கைக்கு ஏற்கிறோம் அல்லது நிராகரிக்கிறோம் என்று காரணத்தோடு பதில் சொல்லி முடித்திருக்கலாம். ஏற்றால் மற்ற மாநிலங்களும் வரிசையில் வரும். நாகாலாந்து பேச்சுவார்த்தையில் தனிக்கொடி கோரிக்கை ஏற்கனவே முட்டுக்கட்டையாக நிற்கிறது. நிராகரித்தால் கர்நாடகாவில் ஓட்டு பாதிக்கும். அதனால் கோப்பு அப்படியே கிடக்கிறது.

நாம் கவனிக்க வேண்டியது என்ன?

அடுத்த முறை கொடி சர்ச்சை வெடிக்கும்போது மூன்று கேள்வி போதும். பேசும் தலைவர் இப்போது எந்த நாற்காலியில் இருக்கிறார்? இதே விஷயத்தில் அவரோ அவர் கட்சியோ முன்பு என்ன சொன்னது? சட்டமாக்கச் சொன்னால் கையெழுத்துப் போடுவாரா?

எல்லை தாண்டிப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. கன்னடக் கொடியை மதிப்பது பண்பு, வைப்பது விருப்பம். வைக்கவில்லை என்று வண்டியை மறித்து மிரட்டினால், அது இரண்டு மாநிலத்திலும் குற்றம்தான். கர்நாடகப் பதிவெண்ணைப் பார்த்து இந்தப் பக்கம் மறித்தாலும் அதே குற்றம்தான். இதை இரண்டு மாநில முதல்வர்களும் ஒரே நாளில், ஒரே வரியில், அவரவர் மொழியில் சொன்னால் முன்கண்ணாடியில் கொடி இருக்கா என்று யாரும் பயந்து பார்க்க வேண்டியிருக்காது.